கர்னல் வில்லியம் பெய்லி

கர்னல் வில்லியம் பெய்லி (இறப்பு: நவம்பர் 13, 1782) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டு அதிகாரி. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிர் துறந்தார். ஆங்கில நூல்கள் இப்போரைப் 'பொள்ளிலூர் போர்' என்று குறிப்பிடுகின்றன. அந்தக் காலம் வரை இந்திய மண்ணில் கம்பெனி அடைந்த தோல்விகளில் மிகப் பெரியது இதுவே.

பிறந்த மண்

பெய்லியின் குடும்பம் ஸ்காட்லாந்தின் வடபகுதியான மலைநாட்டைச் சேர்ந்தது. இன்வர்னெஸ் நகரத்தை அடுத்துள்ள டுனெய்ன் என்ற சிற்றூரின் நிலக்கிழார் குடும்பம் அது. அக்காலத்தில் அப்பகுதி ஆடுமாடு மேய்ப்பையும் ஓட்ஸ் பயிரையும் நம்பிய நாட்டுப்புறம். மக்களில் பெரும்பாலோர் பேசியது ஆங்கிலம் அன்று. கேலிக் என்னும் தனி மொழி.

1746 ஏப்ரல் 16 அன்று இன்வர்னெஸ்ஸுக்கு அருகிலுள்ள கலோடன் என்ற மேட்டு நிலத்தில், மலைநாட்டுக் குலங்களின் கிளர்ச்சிப் படையை அரசுப் படை முறியடித்தது. அதன் பிறகு மலைநாட்டார் ஆயுதம் வைத்திருப்பதும், கட்டம் போட்ட தம் மரபு உடையை அணிவதும் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் உடைத் தடையிலிருந்து விலக்கு இருந்தது. குலத் தலைவர்களின் அதிகாரம் சரிந்தது. நிலத்தின் வருமானம் போதவில்லை. நிலக்கிழார் வீட்டு இளைய மகன்கள் கம்பெனியில் அதிகாரி வேலை தேடினர். குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் புதிதாகத் திரட்டப்பட்ட மலைநாட்டுப் படைப்பிரிவுகளில் சேர்ந்தனர். ஆங்கில அரசை எதிர்த்துப் போரிட்டவர்களின் மக்கள், ஒரு தலைமுறைக்குள் அதே அரசுக்காகக் கடல் கடந்து போரிட வந்தார்கள்.

பெய்லி 1759-இல் சென்னைக் காலாட்படையில் லெப்டினன்ட் ஆனார். 1764-இல் கேப்டன், 1772-இல் மேஜர், 1775-இல் லெப்டினன்ட் கர்னல் எனப் படிப்படியாக உயர்ந்தார். புள்ளலூர் போர் நடந்தபோது அவருக்குத் தென்னிந்தியாவில் இருபது ஆண்டுப் படை அனுபவம் இருந்தது.

போரின் களம்

இன்று சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்பவர்கள் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்களைக் கடந்து செல்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பாலாற்றுச் சமவெளி படைகள் போகும் வழியாக இருந்தது. மைசூர் மேட்டு நிலத்துக்கும் ஆர்க்காட்டு நவாப்பின் நாட்டுக்கும் இடையில் ஏறி இறங்கும் கணவாய்கள் இதன் மேற்கிலும் தெற்கிலும் உள்ளன. அக்கால ஆவணங்களில் 'கர்நாடகம்' என்று வருவது ஆர்க்காட்டு நவாப்பின் ஆட்சிப் பகுதியையே குறிக்கும்; இன்றைய கர்நாடக மாநிலத்தை அன்று.

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். 1767 நவம்பரில் ஹைதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட் தலைமையில் இருந்த சிறு படை, உதவி வரும் வரை ஏறத்தாழ நான்கு வாரம் தாக்குப் பிடித்தது. கோட்டையைக் காத்த சிப்பாய்ப் படைப்பிரிவுக்கு 'ஆம்பூர்' என்ற பெயரைத் தன் கொடியில் பொறித்துக்கொள்ளும் சிறப்பு வழங்கப்பட்டது.

1780 ஜூலையில் ஹைதர் அலி சுமார் 80,000 முதல் 90,000 பேர் கொண்ட படையுடன் செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கினார். ஆங்கிலேயருக்கு உணவும் தீவனமும் கிடைக்காதபடி சென்னையையும் வேலூரையும் சுற்றியிருந்த ஊர்கள் எரிக்கப்பட்டன. ஆகஸ்டில் அவர் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார்.

தாமதமான சந்திப்பு

அப்போது பெய்லி சென்னைக்கு வடக்கே குண்டூர் பகுதியில் சுமார் 2,800 பேர் கொண்ட படையுடன் இருந்தார். அவர்களில் ஐரோப்பியர் இருநூறு பேர் அளவிலேயே இருந்தனர். மற்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ. இவரும் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர். 1764-இல் பக்சார் போரில் வென்றவர். (பிற்காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ வேறொருவர். அவர் 1780 ஜனவரியில் இளநிலைப் படைப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்து, இந்தப் போரின்போது ஹெக்டர் மன்றோவின் படையில் இருந்தார்.)

இரு படைகளும் எங்கே ஒன்றுசேர்வது என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது. 73-ஆவது மலைநாட்டுப் படைப்பிரிவின் தலைவரான மெக்லியட் பிரபு, சென்னைக்கு அருகிலேயே ஒன்றுசேர்வதுதான் பாதுகாப்பு என்றார். மன்றோ காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆகஸ்ட் 24-ஐ ஒட்டிப் பெய்லி கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்துவிட்டார். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடைதான். ஆனால் நேராகக் காஞ்சிபுரத்துக்கு வரும்படி அவருக்கு ஆணை வந்தது.

ஆகஸ்ட் 25 அன்று பெய்லியின் படை கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தது. அன்று ஆற்றில் தண்ணீர் குறைவாகவே ஓடியது. ஆயினும் அவர் மறுநாள் கடக்கலாம் என்று வடகரையிலேயே தங்கினார். இரவில் பெய்த மழையால் ஆறு பெருகியது. ஒரு வாரத்துக்கும் மேலாக அவரால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அந்த நாட்களில் திப்பு தன் படையுடன் அவரை மறிக்க வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு தாக்கினார். பெய்லி அத்தாக்குதலைத் தடுத்து நின்றார். ஆனால் இழப்பும் உணவுத் தட்டுப்பாடும் மிகுந்ததால் மேலே நகர முடியவில்லை. தன்னால் வர இயலாது, தளபதியே தன்னை நோக்கி வர வேண்டும் என்று மன்றோவுக்குக் கடிதம் அனுப்பினார். மன்றோ தன் முழுப் படையுடன் செல்லவில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் அனுப்பினார். அவர்களில் 73-ஆவது மலைநாட்டுப் பிரிவின் இரு கம்பெனிகள் இருந்தன. அவற்றில் ஓர் இளம் கேப்டன் டேவிட் பெயர்டு. வழிகாட்டிகள் மீது ஐயம் கொண்ட பிளெட்சர், அவர்கள் சொன்ன பாதையை விட்டு வேறு பாதையில் சென்றார். அதனால் எதிரியின் கண்ணில் படாமல் செப்டம்பர் 9 அன்று பெய்லியை அடைந்தார்.

புள்ளலூர் போர்

இப்போது பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். செப்டம்பர் 9 இரவே காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டனர். இடையில் சிறு தாக்குதல் நேர்ந்தது. பெய்லி விடியும் வரை அங்கேயே நிற்க முடிவு செய்தார். அந்தச் சில மணி நேரத்தில் திப்பு தன் பீரங்கிகளை வழியில் தக்க இடங்களில் நிறுத்தினார். ஹைதரும் மன்றோவுக்கு எதிரே இருந்த தம் பெரும்படையை இரவோடு இரவாக நகர்த்திக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 10 காலையில் படை புள்ளலூர் அருகே வந்தபோது மூன்று பக்கங்களிலிருந்தும் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. மைசூர்ப் படை இரும்புக் குழாய் பொருத்திய ஏவுகணைகளையும் பயன்படுத்தியது. சண்டையின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அவற்றைத் தாக்கியது பீரங்கிக் குண்டா, ஏவுகணையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும் அதன் பிறகு பீரங்கிகளுக்கு மருந்து இல்லை, அணிவகுப்பும் சிதைந்தது. காயமுற்ற பெய்லி எஞ்சியவர்களைச் சதுர வடிவில் நிறுத்தினார். குதிரைப்படை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் அதைத் தடுத்து நின்றனர். இறுதியில் பெய்லி கைக்குட்டையை உயர்த்திச் சரணடைந்தார்.

ஆயுதங்களைக் கீழே வைத்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. மைசூர்ப் படையில் பணியாற்றிய லாலே உள்ளிட்ட பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டுப் பலரது உயிரைக் காத்தனர். 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் இறந்தனர். 34 பேர் காயத்துடனும் 16 பேர் காயமின்றியும் பிடிபட்டனர். பிளெட்சர் இறந்தார். சுமார் 200 ஐரோப்பியர் கைதிகளாயினர். சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்தனர், பிடிபட்டனர் அல்லது சிதறி ஓடினர்.

பீரங்கி ஓசை மன்றோவின் பாளையம் வரை கேட்டது. அவர் புறப்பட்டும் வந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. களத்திலிருந்து தப்பி வந்த காயமுற்ற ஒரு சிப்பாய் மூலம் செய்தி உறுதியானதும் மன்றோ திரும்பினார். கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

சிறையும் இறப்பும்

பெய்லி ஹைதரின் முன் கொண்டு வரப்பட்டார். தம் வெற்றியைப் பெருமையாகப் பேசிய ஹைதரிடம், உங்களுக்கு வெற்றி தந்தது எங்களுக்கு நேர்ந்த விபத்தே, எங்களைப் போரில் வென்றீர்களா என்பதை உங்கள் மகனிடம் கேளுங்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக ஆங்கிலேய வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பிறகு கைதிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கால்களில் விலங்கு பூட்டப்பட்டனர். காயங்களுக்குத் தக்க மருத்துவம் கிடைக்கவில்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பலரைக் கொன்றன. டேவிட் பெயர்டின் காயம் ஆறாத நிலையில் அவருக்கு விலங்கு பூட்ட வந்தபோது, கேப்டன் லூகாஸ் என்பவர் அவருக்குரிய விலங்கையும் சேர்த்துத் தமக்கே பூட்டுமாறு கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. மகன் இன்னொருவனோடு சேர்த்துச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட பெயர்டின் தாய், 'அந்த இன்னொரு பிள்ளையைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்' என்று சொன்னதாக ஒரு கதையும் ஸ்காட்லாந்தில் வழங்குகிறது. மகனின் முன்கோபம் தாய்க்குத் தெரியும்.

பெய்லி சிறையில் நோயுற்று 1782 நவம்பர் 13 அன்று இறந்தார். அதற்கு 24 நாட்களுக்குப் பின், டிசம்பர் 7 அன்று, ஹைதர் அலி சித்தூருக்கு அருகே தம் பாளையத்தில் நோயால் இறந்தார். மலைநாட்டு உடைக்கு இருந்த தடையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீக்கியதும் அதே 1782-இல்தான். 1784 மார்ச் 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி, உயிரோடிருந்த கைதிகள் விடுதலை பெற்றனர். பெய்லி இன்னும் பதினாறு மாதங்கள் உயிரோடிருந்தால் ஊர் திரும்பியிருப்பார்.

தோல்விக்கு யார் பொறுப்பு?

தோல்விக்குப் பிறகு மன்றோ தரப்பு பெய்லியைக் குறை கூறியது. ஆற்றை அன்றே கடக்காதது, செப்டம்பர் 9 இரவு நடுவழியில் நின்றது ஆகிய இரண்டும் அவர் மீதான குற்றச்சாட்டுகள். இவை உண்மையான பிழைகள்தாம். ஆனால் சென்னைக்கு அருகில் வந்துவிட்ட படையை எதிரி நடமாடும் பகுதிக்குள் வரச் சொன்னது மன்றோ. உதவி கேட்டபோது முழுப் படையோடு செல்லாமல், இருந்த படையை மேலும் பிரித்ததும் மன்றோ. குற்றம் சாட்டப்பட்ட பெய்லி சிறையில் இருந்தார். தம் பக்கத்தைச் சொல்ல அவர் திரும்பி வரவே இல்லை. இதைக் கருத்தில் கொண்டே அக்கால ஆவணங்களைப் படிக்க வேண்டும். மறுபக்கத்தில், திப்புவின் விரைவையும் ஹைதரின் திட்டமிடலையும் குறைத்து மதிப்பிட முடியாது. மன்றோ உறங்கிய இரவில் ஹைதரின் பெரும்படை ஓசையின்றி இடம் மாறியது.

வேலூருடன் தொடர்பு

புள்ளலூருக்குப் பின் ஆர்க்காடு 1780 நவம்பரில் ஹைதர் வசமானது. வேலூர்க் கோட்டை மட்டும் கர்னல் ராஸ் லாங் தலைமையில் வீழாமல் நின்றது. 1781 நவம்பரிலும் 1782 ஜனவரியிலும் தளபதி சர் அயர் கூட் சென்னையிலிருந்து வேலூருக்கு அரிசி கொண்டு சென்றார். இரண்டாம் முறை வழியிலேயே அவருக்கு வாதநோய் கண்டது. அந்த நிலையிலும் படை நிற்காமல் சென்று கோட்டைக்கு உணவு சேர்த்தது. வயல்கள் பாழானதால் 1782-இல் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் கொடும் பஞ்சம் ஏற்பட்டு ஏராளமான மக்கள் மாண்டனர்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். கோட்டைச் சுவர் மீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர், அதே ஊரில் ஆண்டுக்கணக்கில் விலங்குடன் கிடந்த டேவிட் பெயர்டு. திப்புவின் மகன்களும் குடும்பத்தினரும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். கோட்டைக்குள் இன்றும் ஹைதர் மகால், திப்பு மகால் என்ற கட்டடங்கள் உள்ளன. அக்குடும்பத்தாரின் கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே இருக்கின்றன.

1806 ஜூலை 10 அதிகாலையில் அதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சமயக் குறிகளையும் தாடியையும் தடுத்த புதிய விதிகளும், தோலாலான குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் உடனடிக் காரணங்கள். 69-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த ஐரோப்பியர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டு வந்த குதிரைப்படை கோட்டையை மீட்டபோது பல நூறு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். புள்ளலூரில் கம்பெனிக்காகச் சதுர அணியில் நின்று மடிந்தவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள். ஒரு தலைமுறைக்குப் பின் வேலூரில் கம்பெனிக்கு எதிராக எழுந்தவர்களும் அதே படையின் சிப்பாய்களே.

நினைவுச் சின்னங்கள்

பெய்லியின் நினைவு மண்டபம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ளது. இதை 1816-இல் எழுப்பியவர் அவருடைய சகோதரர் வழி உறவினரும் லக்னோ அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவருமான ஜான் பெய்லி. கோட்டைக்குள் இருக்கும் செங்கல் வளைவுக் கூரையுடைய நிலவறை 'கர்னல் பெய்லி சிறை' என்று அழைக்கப்படுகிறது. சுவரோரம் நிற்கும் கற்பலகைகளில் கைதிகளைச் சங்கிலியால் கட்டும் துளைகள் உள்ளன.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஹைதரும் திப்புவும் யானை, குதிரைகளுடன் இரு பக்கமும் நிற்க, நடுவில் சதுர அணிக்குள் பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லி காணப்படுகிறார். வெடிமருந்து வண்டி தீப்பற்றுவதையும் ஓவியர் காட்டியிருக்கிறார். திப்புவை வென்ற ஆங்கிலேயரே பின்னர் இவ்வோவியத்தைப் புதுப்பித்துப் பாதுகாத்தனர்.

புள்ளலூரில் வயல்களுக்கு நடுவே இரண்டு உயர்ந்த நினைவுத்தூண்கள் நிற்கின்றன. இவை 1780 போரில் இறந்தவர்களுக்கு எழுப்பப்பட்டவை என்று பலர் கருதுவது தவறு. 1781 ஆகஸ்ட் 27 அன்று அயர் கூட்டும் ஹைதரும் அதே இடத்தில் மோதிய இரண்டாம் போரில் இறந்த இரு ஆங்கில அதிகாரிகளின் நினைவுச் சின்னங்கள் அவை. அந்தப் போருக்கு வந்த வீரர்கள், முந்தைய ஆண்டு மாண்டவர்களின் எலும்புகள் வயலில் கிடந்ததைக் கண்டனர். இதே ஊரில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் கசாக்குடிச் செப்பேடு கூறுகிறது.

பெயரில்லாதவர்கள்

பெய்லியின் பதவி உயர்வுகள் ஆண்டு வாரியாகப் பதிவாகியுள்ளன. இறந்த நாள் தெரியும், மண்டபமும் உண்டு. அவருடன் நின்ற 3,800 பேரில் மிகப் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய சிப்பாய்கள். அவர்களுக்கு அக்களத்தில் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 73-ஆவது பிரிவின் கேலிக் பேசிய குடியானவப் பிள்ளைகளில் சாதாரணப் படைவீரராக இறந்தவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அவர்கள் சென்னையில் இறங்கியது 1780 ஜனவரியில். புள்ளலூரில் மடிந்தது செப்டம்பரில். எட்டு மாதம்கூட அவர்கள் இந்த மண்ணில் முழுமையாக வாழவில்லை.

டுனெய்ன் நிலக்கிழார் வீட்டு அதிகாரி, மலைநாட்டு உழவர் வீட்டுப் பிள்ளை, பாலாற்றங்கரையிலிருந்து கூலிக்குப் படையில் சேர்ந்த சிப்பாய் ஆகிய மூவரையும் ஒரே வயலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு வணிகக் கம்பெனியின் போர். பெய்லியின் வாழ்க்கையைப் படிக்கும் மாணவர்கள் மற்ற இருவரையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.